அச்சில் விழாத கழித்தல் குறி

இது நடந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அப்போது நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதும் அங்கேதான். வீடு சாணார்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் தக்காளியும் கத்திரியும் போடுகிறார். காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாயே அடைத்துப்போன ஒரு சங்கதியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். எங்கள் அச்சகத்தில் கல்லூரிகளுக்கான கணக்குக் கேள்வித்தாள்களை ஒரு பழைய மென்பொருளில் அடிக்கிறோம். மவுஸை இழுத்து இழுத்து வேலை செய்கிற ரகம் இல்லை அது. எல்லாமே சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு கோப்பு இருக்கும். தாள் இவ்வளவு நீளம், ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி, இன்னின்ன எழுத்துருக்கள் உண்டு என்று அதில் இருக்கும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் இன்னொரு கோப்பு. அதில் எழுத்துக்கு ஒரு வரி: அதன் பெயர், அதன் அகலம். எழுத்து பார்க்க எப்படி இருக்கும் என்பதே அந்த மென்பொருளுக்குத் தெரியாது. வரி இருந்தால் எழுத்து உண்டு. இல்லையென்றால், ரேஷன் கார்டில் பெயர் இல்லாத ஆள் மாதிரிதான், எவ்வளவு நேரம் நின்றாலும் அரிசி கிடையாது. கறுப்புத் திரையில் 'இந்தக் குறியைக் காணோம்' என்று ஒரே ஒரு வரி ஓடும். அப்புறம் அதை விட்டுவிட்டு மீதியை அச்சடித்துவிடும். கேள்வித்தாளில் ஒரு கழித்தல் குறி விழாமல் போனால் கணக்கே போச்சு. அதனால் நாங்கள் அந்தக் கறுப்புத் திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்போம்.

எனக்கு அப்போது நாலு வயதில் ஒரு மகள். இரண்டாவது உண்டாகி ஆறு மாதம் தாண்டியிருந்தது. வழக்கமான ஸ்கேனுக்குப் போனேன். டாக்டரம்மா ஒரே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"புள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. வயித்துல நீர் கோத்திருக்கு" என்றார்.

என் கையில் திரும்ப ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். பழைய அட்டையில் என் ரத்த வகை 'ஓ பாசிட்டிவ்' என்று இருந்தது. புதுப் பரிசோதனையில் 'ஓ நெகட்டிவ்' என்று வந்தது. டாக்டரம்மா அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதப் பிரசவம் முடிஞ்சதும் ஒரு ஊசி போட்டிருப்பாங்களே, போட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு எந்த ஊசியும் யாரும் போடவில்லை.

அப்போதுதான் விளக்கமாகச் சொன்னார். தாய்க்கு நெகட்டிவ், பிறந்த பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் உடனே அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாயின் உடம்பு அந்த ரத்தத்தை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் அதன் ரத்தத்தை அழிக்க ஆரம்பித்துவிடும். என் உடம்பு என் பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கே ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். நாளுக்கு முன்பே பிள்ளையை வெளியே எடுத்தும் பார்த்தார்கள். பையன். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சளாகப் படுத்திருந்தான். என் விரலை ஒரு தடவை பிடித்தான். மறுநாள் பொழுது விடிவதற்குள் போய்விட்டான். கொண்டுவந்து தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்செல்லாம் கல்லாகக் கனத்தது. குடிக்க வாய் இல்லாத பாலைப் பீய்ச்சி ஊற்றுகிற வேதனையை எந்தப் பகையாளிக்கும் வரட்டும் என்று நான் நினைக்க மாட்டேன்.

அதோடு விட்டதா? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் என் மாமியார் சொன்னார்: "இவ ரத்தம் கெட்ட ரத்தமாம். அதான் புள்ளையத் தின்னுருச்சு."

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. ஒருவேளை உண்மைதானோ என்றுகூட நினைத்தேன்.

ஆட்கள் போனபிறகு பீரோவைத் திறந்து, முதல் பிரசவத்தின்போது எடுத்த அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தேன். எத்தனையோ ஆயிரம் தாள்களைப் பிழை பார்த்த கண் இது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. 'ஓ' என்கிற எழுத்து பிரிண்டரில் விழுந்தது. பக்கத்தில் இருந்த கூட்டல் குறி பேனாவால் போட்டது.

சட்டென்று அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. சித்திரை வெயில். லேபில் தாளை வாங்கிக்கொண்டு, நடந்தே நர்ஸிங் ஹோமுக்கு வந்தேன். அங்கே இருந்த நர்ஸ் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "ஓன்னு மட்டுந்தான் விழுந்திருக்கு, பக்கத்துல ஒண்ணையும் காணோம். மை சரியா இல்ல போல. இதுக்குன்னு வயித்துப் புள்ளையோட இம்புட்டு வெயில்ல திரும்ப நடப்பியாக்கும்?" என்றார். எல்லோருக்கும் பாசிட்டிவாகத்தான் வரும் என்று அவரே ஒரு கூட்டல் குறியைப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். நானும் 'ரொம்ப நன்றிக்கா' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரரும் நானும் லேபுக்குப் போனோம். அவர் கம்ப்யூட்டரை உடைக்கிற கோபத்தில் இருந்தார். "நீங்க செத்த நேரம் பேசாம இருங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று அவரை உட்கார வைத்தேன்.

லேப் முதலாளி என் பெயரைப் போட்டுப் பழைய கணக்கைத் திரையில் வரவழைத்தார். 'ஓ', பக்கத்தில் அழகாக ஒரு கழித்தல் குறி. "பாத்தீங்களா? நாங்க நெகட்டிவ்னுதான் போட்டிருக்கோம். எங்க மேல தப்பில்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணே" என்றேன்.

கறுப்புப் பெட்டி ஒன்று திரையில் பளிச்சென்று வந்து மறைந்தது. பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. 'ஓ' மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப ஒரு கறுப்புப் பெட்டி வந்துச்சுல்ல, அது என்னன்னு என்னைக்காச்சும் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் வாரதுதாம்மா. நாங்க கண்டுக்கிறதில்ல."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் அச்சகத்தில் இருக்கிற அதே ஜாதி மென்பொருள்தான். கறுப்புப் பெட்டியைத் திரும்ப வரவழைத்துப் படித்தேன். கழித்தல் குறியைக் காணோம் என்று அது தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரிண்டரின் எழுத்துருக் கோப்பைத் திறந்தேன். பழைய பிரிண்டர் பழுதாகிப் புதியது வாங்கியபோது யாரோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் எல்லாம் இருந்தன. எண்கள் இருந்தன. கூட்டல் குறி இருந்தது. இரண்டு சொற்களுக்கு நடுவில் போடுகிற சின்னக் கோடும் இருந்தது. ஆனால் அந்தச் சின்னக் கோடும் கழித்தல் குறியும் இந்த மென்பொருளுக்கு வேறு வேறு ஆட்கள். கழித்தல் குறிக்கு மட்டும் வரி இல்லை. திரைக்கு வேறு கோப்பு, அதில் எல்லாம் சரியாக இருந்தது. லேபில் இருக்கிறவர்கள் திரையைத்தான் பார்த்தார்கள். தாள் எங்கள் கைக்கு வந்தது.

இதில் என் நெஞ்சை அறுத்தது எது தெரியுமா? கூட்டல் குறி ஒழுங்காக அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. விழாமல் போனது கழித்தல் மட்டும்தான். அந்த லேப் தாளில் பக்கத்தில் ஒன்றுமில்லை என்றாலே அது நெகட்டிவ் என்றுதான் அர்த்தம். என் தாள் எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதன்மேல் நல்ல மனசோடு ஒரு பேனா வந்து பொய்யை எழுதிவிட்டது.

"இதுக்கு முன்னால யாரும் வந்து கேக்கலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

லேப் முதலாளி வாய் குழறினார். "ஒண்ணு ரெண்டு பேரு வந்திருக்காங்க. திரையப் பாத்துப் பேனாவால கோடு போட்டுக் குடுத்திருக்கோம்."

வந்து கேட்டவர்களுக்குச் சரியான குறி கிடைத்திருக்கிறது. கேட்காமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்களோ! லேப் முதலாளி மென்பொருள்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வாரேன்" என்று பதில் வந்தது.

"நாளைக்கு அவர் வர்ற வரைக்கும் இதே மாதிரி தாள் போய்க்கிட்டே இருக்கணுமா? நகருங்கண்ணே" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். கூட்டல் குறிக்கு இருந்த வரியைப் பார்த்து, அதே அகலம் கொடுத்து, கழித்தல் குறிக்கு ஒரு வரி சேர்த்தேன். திரும்ப அச்சடித்தோம். 'ஓ' விழுந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. வீட்டுக்காரர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரை உடைக்க வந்த மனுஷன் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த வரியை அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பிள்ளை அதில்தான் போனான்.

அந்தப் பிரிண்டர் வந்த பிறகு நெகட்டிவ் வந்த பெண்கள் எல்லோரையும் தேடி எடுக்கச் சொன்னேன். லேப் முதலாளி மறுப்பே சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராகப் போன் போட்டார். சிலருக்கு விவரம் தெரிந்திருந்தது. சிலர் எண்ணை மாற்றியிருந்தார்கள். கன்னிவாடியில் ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம் நெருங்கியிருந்தது. அவளுடைய லேப் தாளிலும் பேனாவால் போட்ட கூட்டல் குறி இருந்தது. வேறு நர்ஸ், வேறு ஆஸ்பத்திரி, அதே நல்ல மனசு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வீட்டுக்காரர் பேனாக் குறி போட்ட பழைய தாளையும், கோடு விழுந்த புதுத் தாளையும் தன் அம்மா முன்னால் வைத்தார். "இனி ஒரு தடவை இவ ரத்தத்தப் பத்திப் பேசுன, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றார். மாமியார் தாள்களைத் தொடவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சும் எடுக்கவில்லை.

நர்ஸ் அக்காவைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேனாக் குறியைக் காட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது. "வேணும்னா செஞ்சேன் தாயி? வெயில்ல நீ திரும்ப அலைய வேணாம்னுதானே பாத்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வரவில்லை, வந்தால் சொல்வேன்.

கன்னிவாடிப் பெண் கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தாள். "அக்கா, பாப்பா பொறந்திருக்கா. பாசிட்டிவாம். எனக்கு ஊசி போட்டுட்டாங்க. நீங்க மட்டும் சொல்லலைன்னா..." என்றாள். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சந்தோஷம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஏன் யாரும் போன் பண்ணவில்லை என்று ஒரு பொறாமைதான் வந்தது. அச்சகத்துக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. அடுத்து ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்கிறாள். என்னிடம் இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் எனக்கு அலைச்சல் வேண்டாமென்று யாராவது இரக்கப்பட்டு எதையாவது தாங்களாகவே எழுதி நிரப்பிக் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, எத்தனை வெயிலாக இருந்தாலும் திரும்ப நடந்துபோய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். என் மகனுக்காக அன்றைக்கு நடக்காமல் போன நடை அது.