ஒட்டுப்பால் மணக்கும் சட்டைக்கை

ஸ்கூடாய் சாலை நெரிசலில் முன்னால் நின்ற லாரியிலிருந்து உறைந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் வந்ததும், பால்வெட்டப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையும், அங்கே வரிசையாகத் தொங்கிய சாரோங் துணித் தொட்டில்களும், விடியலில் என்னைத் தூக்கிச் சென்ற அம்மாவின் அதே நாற்றமடிக்கும் சட்டைக்கையும் திரும்பி வந்தன. எனக்கு மூன்று வயதானபோது இறந்த அம்மாவைப் பற்றி என்னிடம் இருப்பது அந்த ஒரு நினைவுதான்.

காரில் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னேன்.

“அம்மாவா? டேய், அந்தக் கொட்டகையைக் கட்டுனதே அம்மா போன பிறகுதான்லா. நான்தான் உன்னைத் தூக்கிட்டுப் போவேன். நான் அவங்க வேலைச் சட்டையைப் போட்டாத்தான் நீ அழாம வருவ.”

நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை நினைவைப் புதிதாகக் கட்டுகிறது என்று படித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, தேதியிட்டு எழுதிவரும் குறிப்பேட்டில் இந்த நினைவை முன்பு எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, ‘அம்மா’ என்பதை அடித்து ‘அக்கா’ என்று திருத்தினேன். சட்டைக்கையை மட்டும் அடிக்கவில்லை, அது அம்மாவுடையதுதான்.