ஐந்தாம் அறையின் கதவு

குளிர்கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேனிடம் ஒரு கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நாயகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவர் கணக்கே வேறு. அந்த நாயகன் எத்தனை கதவுகளைத் திறக்காமல் தாண்டிப்போனான் என்றுதான் பார்ப்பார். "அவன் திறக்காம விட்டதெல்லாம் நமக்கு" என்பார். காதல் கதைகளை ஒரே போடாகத் தள்ளிவிடுவார். கல்யாணம் ஆனபிறகு அந்த ஊரில் நமக்கென்ன வேலை? ராஜா கதைகளும் தேறாது. எல்லா வேலையையும் ராஜாவே செய்து முடித்துவிடுகிறார்.

வாசித்துவிட்டு மூடி வைக்கிற ஆள் இல்லை அவர். விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வரைபடத்தை விரித்து, கதையை ஓர் ஆட்டமாக்கி அதற்குள் ஆட்களை இறக்கிவிடுவார். தெருமுனைத் தையல்காரர் காவலாளி, பள்ளி பஸ் ஓட்டும் அம்மா வைத்தியர், மனைவியின் தம்பி திருடன். சுற்றிலும் என்ன தெரிகிறது என்று இவர் சொல்வார். "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார். அவர்கள் சொன்னது நடக்குமா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். வேலையிடத்தில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனிதர், அந்த மேசையில் உட்கார்ந்தால் காது வலிக்கும்வரை விடமாட்டார்.

கடைசியாக அவர் எடுத்தது சிறுவயதில் வார இதழில் படித்த தொடர்கதை ஒன்று. சூரியன் அணைந்தபிறகு பனிக்கடியில் வாழும் ஒரு நகரம். அதில் நாயகன் ஓர் இரும்புக் கதவைத் தாண்டிப் போகிறான். அதைப்பற்றி அப்புறம் பேச்சே இல்லை. எழுதியவர் மறந்திருப்பார். ஃபோர்மேன் மறக்கவில்லை.

நகரத்துக்கு வரைபடம் வேண்டுமே என்று யோசித்தவர், வசதியாகத் தன் குளிர்கிடங்கையே வரைந்துவிட்டார். அதே நடைவழி, அதே வளைவுகள், அதே அறைகள். ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்தார். ஐந்தாம் அறையின் கோடியில், கான்கிரீட் சுவர் இருக்கும் இடத்தில், அந்த இரும்புக் கதவு. திறந்தால் வானம் தெரியும் என்று கதைக்குள் ஒரு கிழக் காவலன் சொன்னான். ஆறு மாதமாக ஆட்டம் அந்தக் கதவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க சொல்றது என் தம்பிக்கு வேதவாக்கு. பாத்துப் பேசுங்க" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். இவர் சிரித்துவைத்தார்.

பிறகு மச்சானுக்கு அதே கிடங்கில் சுமை ஏற்றும் வேலை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழியை ஃபோர்மேன் நடந்து காட்டவேண்டும் என்பது விதி. பாதி நடைவழிகூடத் தாண்டவில்லை, மச்சான் நின்றுவிட்டான்.

"மாமா, இது நம்ம ஆட்டத்துல வர்ற ஊருல்ல? ஒரு மூலை விடாம அப்படியே வரைஞ்சிருக்கீங்க."

"தெரியுதா?"

"ஆறு மாசமா இதுக்குள்ளதான அலையறேன். எனக்கு எதுக்கு வழி காட்டறீங்க, போய் வேலையப் பாருங்க."

ஃபோர்மேனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. விதியாவது ஒன்றாவது. திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் முன்பக்க நடைவழியில் குளிரூட்டும் குழாய் விரிசல் விட்டு அமோனியா வாயு பீய்ச்சியது. சங்கு ஊதியது, மின்சாரம் தானாக நின்றது, மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் வெளி முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். மேலாளர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது; மச்சானைக் காணோம்.

"தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு. யாரும் உள்ள போகக்கூடாது" என்றார் மேலாளர்.

மூன்றாம் அறைக்கு வலதுபக்கம் பின்வாசல் இருக்கிறது, அந்த வழியாக வந்துவிடுவான் என்று ஃபோர்மேன் கட்டிடத்தைச் சுற்றி ஓடினார். வாசல் சாத்தியபடி இருந்தது. அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மச்சான் வலதுபக்கம் திரும்பியிருக்கமாட்டான். ஆட்டத்தில் வெளியேறும் கதவு இடதுபக்கம், ஐந்தாம் அறையில்.

ஃபோர்மேன் வீரர் இல்லை. பல்லி விழுந்தால் நாற்காலிமேல் ஏறி நிற்கிறவர். வாசல் பக்கத்துப் பெட்டியிலிருந்த இரண்டு வாயு முகமூடிகளையும் டார்ச்சையும் எடுத்தார், ஒன்றை மாட்டினார், வார் கையில் நிற்காமல் நழுவியது. உள்ளே போய்விட்டார் என்பது அவருக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தம் வேறு யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். மேசையில் எத்தனை முறை ரசித்து ரசித்துச் சொல்லியிருப்பார்: வெளிச்சம் இல்லை, காலடியில் புகை, இடதுபக்கம் ஒரு வளைவு, இப்ப என்ன பண்றே? மச்சானின் பதில் எப்போதும் ஒன்றுதான். "இடது பக்கம் ஓடறேன் மாமா." செத்துப்போயிருப்பானோ என்ற நினைப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே இடதுபக்கம் திரும்பினார்.

ஐந்தாம் அறையின் கோடியில், மீன் பெட்டிகளுக்கு நடுவே அவன் முட்டிபோட்டிருந்தான். சட்டையைக் கழற்றி முகத்தில் கட்டியிருந்தான். கண் திறக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் சுவரைத் தடவிக்கொண்டே கொஞ்சம் தள்ளிப்போவான், மறுபடி தடவுவான். விரல்நுனிகளில் ரத்தம்.

"இங்கதான் இருக்கணும்" என்றான், யாரிடமோ.

முகமூடியை அவன் முகத்தில் அழுத்தினார். இழுத்தால் வர மறுத்தான். திமிறி மறுபடி சுவருக்கே போனான். கடைசியில் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, மூட்டை இழுப்பதுபோல் பின்வாசல்வரை இழுத்துவந்து போட்டார்.

ஆஸ்பத்திரியில் மாலையாகிவிட்டது. டாக்டர் வந்து, நுரையீரல் பிழைத்துக்கொள்ளும், கண்ணும் தேறிவிடும் என்றார். மனைவி தம்பியின் கட்டுப்போட்ட விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஃபோர்மேன் பக்கம் பார்க்கவில்லை.

கண்கட்டுக்குள்ளிருந்து மச்சான் கம்மிய குரலில் கூப்பிட்டான்.

"மாமா. அந்தக் கதவத் தொறந்தா என்னதான் வெச்சிருந்தீங்க?"

வானம் என்று சொல்லியிருக்கலாம். நட்சத்திரம், கடல், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கேட்டவுடன் கட்டிச் சொல்கிற வாய்தான் அது. மனைவி அப்போதுதான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"செவுருதாண்டா" என்றார் ஃபோர்மேன். "அங்க செவுரு மட்டுந்தான் இருக்கு."