குணநாயகத்தைச் சிரிக்கவைத்த மிருகங்கள்

செய்தி தொலைபேசியில் வந்தது. காலைத் தேநீர் இன்னும் ஆறியிருக்கவில்லை. "மாஸ்டர், இவர் போயிட்டார். விடியக் கோப்பி குடுக்க எழுப்பினன், எழும்பேல்லை," என்றார் குணநாயகத்தின் மனைவி புவனேஸ்வரி. நான் சொல்லவேண்டியதை ஒழுங்காகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோப்பாயிலிருந்து உரும்பிராய்க்குச் சைக்கிளில் போகும் வழியெல்லாம் என் மனத்தில் ஓடியது ஒரே கேள்விதான். என் கீரிப் பாட்டை அவர் வாசித்தாரா? வாசித்திருந்தால், சிரித்தாரா?

நெடுநாள் கூட்டாளி இறந்த காலையில் இப்படி நினைப்பது அழகல்ல. ஆனாலும் குணநாயகத்தை அறிந்த உங்களுக்கு அது விளங்கும். மிருகங்களின் வேடிக்கைக் கதைகளுக்கும் கேலிச் சித்திரங்களுக்கும் சிறுவர் பாட்டுகளுக்கும் அவரைப்போல ஒரு ரசிகர் யாழ்ப்பாணத்தில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தானாக ஒரு வரி எழுதியதில்லை, ஒரு கோடு வரைந்ததில்லை. ரசிப்பதை மட்டும் முழுநேர வேலையாகச் செய்தார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். சிறுவர் பாட்டு எழுதுகிறவன். சிறு தொகுப்புகள் சில வந்திருக்கின்றன. அவற்றில் உள்ள எந்த மிருகத்துக்கும் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

அவரை முதன்முதலில் கண்டது எங்கள் ஊர் வாசிகசாலையில். பத்திரிகை வாசிக்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு சிரிப்புக் கேட்டது. சிறுவர் அலுமாரிக்குப் பக்கத்தில், மீசை வைத்த ஒரு மனிதர், படப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் கடந்துபோகப் பார்த்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாஸ்டர், உந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ. ஆனை காலிலை புதுச் சப்பாத்துப் போட்டிருக்கு. சப்பாத்துக் கடிக்குதாம்!"

நான் பார்த்தேன். யானையின் முன்காலில் நகங்கள் குறைவாக வரையப்பட்டிருந்தன. அதைச் சொன்னேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். "ஐயோ மாஸ்டர், அது சப்பாத்துக்குள்ளை போயிட்டுது. அதுதானே கடிக்குது!"

அன்று வீட்டுக்கு வந்தபின் நெடுநேரம் யோசித்தேன். அந்தப் படத்தில் அவர் கண்டதை நான் ஏன் காணவில்லை? நான் அந்த மனிதர்மேல் பொறாமைப்பட்டது அன்றைக்குத் தொடங்கியது. இன்றுவரை அது குறையவில்லை.

சண்டைக் காலத்தில் எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அவர் தன் சைக்கிள் கரியரில் படப் புத்தகக் கட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அரிசிச் சாக்கை விட்டிட்டு ஆமையையும் குரங்கையும் கட்டிக்கொண்டு வந்த மனிசன் உலகத்திலை உவர் ஒராள்தான்," என்று புவனேஸ்வரி வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மழை விடாமல் பெய்தது. பிள்ளைகள் பயந்துபோயிருந்தார்கள். நான் எங்கள் வகுப்பறையில் இருந்த பிள்ளைகளை வரிசையாக இருத்தி, பசுவைப் பற்றி நான் எழுதிய பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அடக்கமாகச் சொன்னார்கள். பக்கத்து அறையில் குணநாயகம் குரங்குக் கதை வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார் என்பதுகூடச் சரியல்ல. அரைவாசியிலேயே தனக்குச் சிரிப்பு வந்து, மேலே சொல்ல முடியாமல் தவித்தார். என் வரிசையில் கடைசியில் இருந்த பிள்ளை முதலில் எழும்பிப் போனது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட்டன. நான் பசுவோடு தனியே இருந்தேன். சுவருக்கு அப்பால் அத்தனை பிள்ளைகளும் சிரித்த சிரிப்பு மழையைவிடப் பெரிதாகக் கேட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய வீட்டுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். படம் என்றால் கண்டவுடன் சிரிப்பார். பாட்டு அப்படியல்ல. எந்த மிருகத்தைப் பற்றிய பாட்டோ, அந்த மிருகத்துக்கு முன்னால் நின்று உரத்து வாசிக்கவேண்டும். அப்போதுதான் தீர்ப்புச் சொல்லுவார். யானைப் பாட்டு என்றால் கோயில் திருவிழாவுக்கு எங்கேயாவது யானை வரும்வரை வைத்திருப்பார். யாரோ எழுதிய முதலைப் பாட்டு ஒன்று கடைசிவரை வாசிக்கப்படாமலே அவரிடம் கிடந்தது.

என்னுடைய ஆட்டுப் பாட்டைக் கொடுத்தபோது, என்னையும் ஆட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 'வெள்ளை ஆடு துள்ளி வந்து வேலி ஓரம் நின்றது' என்று தொடங்கும் பாட்டு. அவர் முழுவதையும் கம்பீரமாக வாசித்தார். ஆடு குழையைத் தின்றுகொண்டே இருந்தது. ஒருமுறைகூட நிமிரவில்லை.

"என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"நல்லாய் இருக்கு மாஸ்டர். ஒரு பிழையும் இல்லை."

"ஆடு பார்க்கவில்லையே?"

"அதுக்குப் பசி," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இரக்கத்தோடு சொன்னார்: "மாஸ்டர், உங்கடை ஆடு நல்ல ஒழுக்கமான ஆடு. என்ரை ஆடு அப்பிடி இல்லை. அதுதான் அதுக்கு விளங்கேல்லை."

இப்படி எத்தனையோ. நான் பூனை எழுதினேன், கோழி எழுதினேன், அணில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் 'ஒரு பிழையும் இல்லை' என்ற அதே பதில். யாப்பில் பிழை விட்டால் சிரிப்பாரோ என்று நினைத்து, வேண்டுமென்றே ஒரு சீரைக் குழப்பியும் பார்த்தேன். அதை அவர் வாசிக்கும்போது தானாகவே திருத்தி வாசித்துவிட்டார்.

கடைசியாக இந்த இரண்டு மூன்று வருடங்களில் நிரோஜாவின் காகம் வந்தது. நிரோஜா கொழும்புத்துறையைச் சேர்ந்த இளம்பெண். வங்கி ஒன்றில் வேலை செய்கிறார். பெரியதம்பியார் என்ற காகத்தை வைத்து நாலு கட்டத்தில் கேலிச் சித்திரம் வரைந்து கைத்தொலைபேசியில் அனுப்புவார். அது ஊரெல்லாம் சுற்றும். குணநாயகத்துக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருநாள் என்னையும் வற்புறுத்தி, பஸ் ஏற்றிக் கொழும்புத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார், வரைகிற கையைப் பார்க்கவேண்டுமாம். அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில், எழுபது கடந்த மனிதர், கோயிலுக்கு வந்தவர்போல நின்றார். தன்னிடம் இருந்த படம் ஒன்றை நீட்டி, "பிள்ளை, இதிலை உங்கடை பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ," என்று கேட்டார். என் புத்தகங்களை நானே கையெழுத்திட்டுத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டதில்லை.

அந்தப் படம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செத்தவீட்டுக்காரர் படையலை வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிடுகிறார்கள். பெரியதம்பியார் மதிலில் இருக்கிறார், இறங்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ மனக்குறை என்று மகன்மார் அழுகிறார்கள். காணிச் சண்டையை விடுகிறோம் என்கிறார்கள், தங்கச்சிக்கு வீட்டை எழுதுகிறோம் என்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பெரியதம்பியார் சொல்கிறார்: 'எனக்கொரு குறையுமில்லை. அப்பளம் பொரியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.'

குணநாயகம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது தெரிந்த படந்தான். வரைந்தவருக்கு முன்னால் இன்னொருமுறை சிரித்துக் காட்டுவது மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ. நிரோஜா என் பக்கம் திரும்பி, "ஐயாவும் எழுதுவீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை, சும்மா ஏதோ…" என்றேன்.

"ஏன் மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்கோவன்!" என்றார் குணநாயகம். "பிள்ளை, மாஸ்டர் திறமா எழுதுவார். ஒரு பிழையும் இராது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அவரோடு அதிகம் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

கீரிப் பாட்டை அதற்குப் பிறகுதான் எழுதினேன். எழுதி, அடித்து, பலமுறை திருத்தி, அவர் இறப்பதற்கு முந்தின கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கோழிக்கூட்டுப் பக்கம் ஒண்டு வந்துபோறது. கிளுவை வேலிக்குள்ளாலை வரும். வரட்டும், வந்தால்தான் சொல்லுவன்," என்றார்.

"இப்போதே ஒருமுறை கண்ணால் பாருங்கள்," என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"அது கீரிக்குச் செய்யிற துரோகம், மாஸ்டர்."

அவ்வளவுதான். அதுவே அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு அன்று, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தபின், புவனேஸ்வரி என்னைக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை நான்தான் தொகுக்கவேண்டும் என்றார். எங்கள் பகுதியில் அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வாழ்க்கைக் குறிப்பு, பதிகங்கள், குடும்பத்தாரின் நன்றி என்று ஒழுங்கைச் சொன்னேன்.

"பதிகம் முடிய, ஒரு முழுப் பக்கத்திலை நிரோஜாவின்ரை காகம் வரவேணும்," என்றார் அவர்.

"கல்வெட்டில் காகத்தின் பகிடியா? சொந்தக்காரர் என்ன சொல்லுவார்கள்?"

"சொல்லட்டுமன். அவர் எனக்கு எப்பவோ சொல்லி வைச்சவர். தன்னைப் பற்றி ஆரும் அழுகிற பாட்டு எழுதவேண்டாம், காகத்தைப் போடு எண்டு."

"படத்தில் கறுப்பு அதிகம். அச்சில் சரியாக வராது."

"காகமும் கறுப்பு, மையும் கறுப்பு. இதிலை என்ன கஷ்டம், மாஸ்டர்?"

காகத்துக்கு ஒரு பக்கம் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் எழும்பவும் மனமில்லை. கடைசியில், நான் கொடுத்த தாளைப் பற்றிக் கேட்டேன். அது எங்கே என்றுதான் கேட்டேன். சிரித்தாரா என்று கேட்கத் துணியவில்லை.

"ஓம், கீரி!" என்றார் அவர். செத்தவீட்டில் அதுவரை நான் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது. "அவர் போறதுக்கு முதல் நாள் பின்னேரம் வந்தது. இவர் கதிரையிலை இருந்தவர். 'புவனம், சத்தம் போடாதை' எண்டு கையைக் காட்டிப்போட்டு, மெல்லமாத் தாளை எடுத்தார். வேலிக்குள்ளாலை மூக்கு மட்டும் வந்துது. வேறை ஒண்டையும் காணேல்லை, மூக்குத்தான். இவர் வாசிச்சார்."

என் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

'மூக்கு முன்னே வந்தது, மீதிக் கீரி பின்னே வந்தது.'

"அவ்வளவுதான் வாசிச்சது. அதுக்கிடையிலை அது மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளுக்கு வந்திட்டுது. வந்து ரெண்டு காலிலை நிமிர்ந்து நிண்டு இவரைப் பாத்துது. இவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! நான் பயந்துபோனன். கீரியும் பயந்து ஓடீட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். 'மீதிக் கீரி, மீதிக் கீரி' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். பேந்து கண்ணாடியைப் போடவே இல்லை. களைச்சுப்போச்சு எண்டு நேரத்தோடை படுத்திட்டார்."

நான் பிடித்த பிடியை விடவில்லை. "அக்கா, பாட்டுக்குச் சிரித்தாரா, கீரிக்குச் சிரித்தாரா?"

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "உது அவருக்கே தெரிஞ்சிராது, மாஸ்டர்," என்றார்.

வீட்டுக்கு வந்து பல நாள் அதை யோசித்தேன். பாட்டு எங்கே முடிகிறது, கீரி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கு உண்டு. அவருக்கு இல்லை. யானையின் நகத்தையும் சீரின் அளவையும் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு, நான் இவ்வளவு காலமும் அவருடைய அந்தப் புத்தி இல்லாமையின்மேல்தான் பொறாமைப்பட்டு வந்திருக்கிறேன்.

புவனேஸ்வரி அன்றைக்கே தாளை எடுத்துவந்து தந்தார். அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அதில் உள்ள மற்ற அடிகளை இங்கே சேர்க்கவில்லை. அவர் வாசிக்காதவற்றை அவருடைய கல்வெட்டில் போட எனக்கு உரிமையில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தில் நிரோஜாவின் காகத்துக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன். சரிபார்க்க வந்த தாளில் அச்சும் துலக்கமாகத்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில், கீழே, என் வரி ஒன்று மட்டும் இருக்கிறது. குணநாயகத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வரியும், அதற்குப் பின் எழுந்து எனக்குக் கேட்கக் கிடைக்காத சிரிப்பும்.

நிரோஜா அந்தியேட்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். குணநாயகம் கடைசியாக வாசித்தது யாருடைய எழுத்து என்று நான் அவருக்கு வாய் திறந்து சொல்லப்போவதில்லை. பக்கத்தைப் புரட்டினால் தெரியும்.