பாலத்து நடுவில் தறுகண்

தறுகண் என்ற சொல்லுக்கு அஞ்சாமை என்று பொருள் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எதிரே வருவது எதுவாயினும் பார்வையை விலக்காத உறுதி அது. பழைய செய்யுள்களில் போர்க்களத்து யானைக்கும் காட்டுப் பன்றிக்கும் வீரனுக்கும் அடைமொழியாக வரும். அந்த யானைகளை நம்பித்தான் திருவரங்கத்துப் பட்டிமன்றம் ஒன்றில், ‘தறுகண் இன்றும் வாழ்கிறது’ என வாதிட்ட அணியின் இறுதிப் பேச்சாளராக அமர்ந்திருந்தேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி மாணவர் அவற்றை ஒரே மூச்சில் விரட்டிவிட்டார்.

“நடுவர் அவர்களே, அந்த யானைக்கு இப்போ ஒரு வாழைப்பழம் காட்டுங்க, ஆசீர்வாதமே பண்ணும்!”

அரங்கு குலுங்கியது. இனி யானையைப் பற்றி வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். என் பேச்சைக் கேட்க அம்மா முதன்முறையாக வந்திருந்த மேடை அது. அங்கே தோற்க எனக்கு மனமில்லை. கீழே பார்த்தேன். மூன்றாம் வரிசையில் அவர் முறுக்கு மென்றுகொண்டிருந்தார்.

குறிப்புகளை மடித்து வைத்தேன். நாற்பதைக் கடந்தபின் ஸ்கூட்டர் பழகி, தில்லை நகரில் கிடைத்த வேலைக்குக் காவிரிப் பாலத்தைத் தனியே கடந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசினேன்.

“பின்னால் பேருந்து உறுமியது, பக்கத்தில் லாரி சீறியது. அஞ்சினாரா என் அன்னை? அணுவளவும் அஞ்சவில்லை!”

கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

“ஏய், பொய் சொல்லாதடி! உசுரே போச்சு எனக்கு!” என்றார் அம்மா.

எதிரணியினர் துள்ளி எழுந்தனர். “அம்மா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க! நீங்க எங்க அணி!”

எத்தனையோ குறுக்கீடுகளுக்கு மறுமொழி பழகியவள் நான். பெற்றவளின் குறுக்கீட்டுக்குப் பழகவில்லை. ஆகவே மேடையிலிருந்தே கேட்டேன்: “அவ்வளவு அச்சமென்றால், அம்மா, வண்டியை ஏன் நிறுத்தவில்லை?”

“பாலத்து நடுவுல எங்கடி நிறுத்துறது? பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சான். நானும் அடிச்சேன். கண்ணை மட்டும் ரோட்டை விட்டு எடுக்கல.”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

“அச்சம் அவர் கையில் இருந்தது, நடுவர் அவர்களே. கண்ணில் இல்லை.”

அவ்வளவுதான், அமர்ந்துவிட்டேன். நான் ஆற்றிய முடிவுரைகளில் மிகச் சிறியது அது. சிறந்ததும் அதுவே என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

தீர்ப்பு எங்களுக்கே கிடைத்தது. பொன்னாடையை எனக்குப் போர்த்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “அம்மா, நீங்க மேல வாங்க” என்றழைத்தார் நடுவர்.

“ஐயையோ, மேடையா? இவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடியா? எனக்குப் பயமா இருக்குங்க!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அம்மா படியேறினார்.