கொப்பி இல்லாமல் நடித்த சின்னராசா அண்ணை

சின்னராசா அண்ணை போய்விட்டார்... இப்போதுதான் செத்தவீட்டிலிருந்து வந்து, குளித்துவிட்டு எழுதுகிறேன்.

பேத்தி கம்பஸில் படிக்கிறாள். எழுத்துப்பிழை பார்த்துத் தரவா என்று கேட்டாள். வேண்டாம், இதற்கு என் ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்றேன்.

டிவி நாடகங்களில் முரட்டு மாமனாராக, பிடிவாதக்காரத் தகப்பனாக வருவாரே, அவர்தான். பண்டத்தரிப்பில் எங்களுக்குப் பக்கத்து வளவு.

நேற்றிலிருந்து எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள். சூட்டிங்குக்கு வசனக் கொப்பியே கொண்டுவர மாட்டார், என்ன ஞாபகசக்தி என்று.

அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது.

அவரே சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன். "இப்ப வெளியிலை விட்டிடாதை பிள்ளை, ஒருத்தனும் வேசம் தரமாட்டான். நான் கண்ணை மூடினாப் பிறகு சொல்லு. அப்ப எவன் என்ரை கையிலை கொப்பியைத் தரப்போறான்?"

அவருக்கு எல்லா வசனமும் வாசித்தது நான். மேடை நாடகக் காலத்தில் அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவார், நான் வரம்பில் இருந்து வாசிப்பேன். இரண்டு தரம் கேட்பார். மூன்றாம் தரம் அவரே சொல்லுவார்.

முதல் நாடகத்திலேயே கவிழ்த்துவிட்டேன்... கொப்பியில் இருந்த அவ்வளவையும் வாசித்திருந்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும்.

கோயில் திருவிழா மேடை. மகள் தன் காதலைச் சொல்கிறாள். அண்ணை முழங்குகிறார். "இந்தக் கலியாணம் நடவாது! தகப்பன் எழும்புகிறார்! கோபத்தில் கை நடுங்குகிறது!"

சனம் ஒரே சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணை அசையவில்லை. மகளாக நடித்தவரின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "நடுங்குதோ இல்லையோ, வடிவாப் பார்!"

அப்போது விழுந்த கைதட்டல்... தன் கோபத்தைத் தானே அறிவிக்கிற அந்தத் தகப்பனைத்தான் பிறகு டிவிக்காரரும் தேடி வந்தார்கள்.

அடுத்த நாள் தோட்டத்தில் அழுதேன். "அண்ணை, அடைப்புக்குறிக்குள்ளை இருக்கிறது சொல்லுறதுக்கில்லை, செய்யிறதுக்கு."

"உதுதானே சங்கதி? உது வந்தா வாளியிலை ஒரு தட்டுத் தட்டு பிள்ளை. நான் வாயைப் பொத்திக்கொள்ளுறன்."

என் பிழை என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் தான் யோசித்துச் செய்தது என்பார்.

பிற்காலத்தில் வசனம் போனில், வைபரில் வந்தது. நான் வாசித்து, குரலைப் பதிந்து அவருக்கு அனுப்புவேன். இடையிடையே மேசையில் ஒரு தட்டு.

போன கிழமையும் ஒன்று அனுப்பினேன். கேட்டாரோ தெரியவில்லை...

இன்று செத்தவீட்டில் மரண அறிவித்தல் நோட்டீஸ் ஒன்று கையில் தந்தார்கள். பெட்டிக்குள் கிடந்த அவருக்குப் பக்கத்தில் இருந்து மெல்ல வாசித்தேன். ஊர், பிள்ளைகள், மருமக்கள், எல்லாம்.

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘நடிகர்’ என்று போட்டிருந்தது.

பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை.