அடியில் படிந்த மெந்தால்

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எண்ணெய்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். வேலையில் சுத்தம் என்று எனக்குப் பெயர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு மார்கழிக் காலையில் ஆனேக்கல் பக்கத்து விவசாயி ஒருவர், துண்டில் சுற்றிய பழுப்பு நிற பாட்டிலோடு வந்தார். முதல்முறையாக ஜப்பான் புதினா பயிரிட்டு, ஆவியில் வடித்த எண்ணெய். நாம் சட்னி அரைக்கும் புதினா வேறு. இதில் பெரும்பகுதி மெந்தால்; தலைவலித் தைலத்தில் சில்லென்று ஏறுகிறதே, அதுதான். அது நிறைய இருந்தால்தான் தைலக் கம்பெனி வாங்கும்.

"நல்லா பாத்து சொல்லும்மா. ஒத்து வரலைன்னா தை பொறக்கறதுக்குள்ள ஏர் ஓட்டிட்டு வேற எதனா போட்டுடுவேன்" என்றார்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றேன்.

அன்று விரல் மரத்துப்போகிற குளிர். பாட்டிலைச் சாய்த்து மேலாக ஊற்றி எடுத்தேன். அமிலத்தோடு கொதிக்கவைத்து, கழுவி, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தேன். இரண்டு முறை செய்தேன். இரண்டிலும் ஒரே விடை. மெந்தால் மிகக் குறைவு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பாட்டிலைக் கழுவ எடுத்தபோது அடியில் ஏதோ கரகரத்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை ஊசிகளாக மெந்தால் உறைந்து கிடந்தது. குளிரில் அது அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதில் மெந்தோன் போன்ற மற்றச் சரக்குகள்தான் மிகுந்திருக்கும். வெந்நீரில் வைத்துக் கரைத்து, குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான். வெந்நீர் போடச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான்.

மீதியைக் கரைத்துச் சோதித்தேன். முதல்தரமான எண்ணெய்.

அன்றே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். ஆனால் திருத்த அறிக்கைக்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். என் பெயர் என்னாவது? நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் தள்ளினேன். பிறகு மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கலுக்குப் பஸ் ஏறினேன்.

நிலம் உழுதிருந்தது. மண்ணில் புதினா வேர்கள் காய்ந்துகொண்டிருந்தன. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நீ உள்ளத சொன்னதால தப்பிச்சேம்மா. இல்லைன்னா இன்னொரு ஏக்கரும் போட்டிருப்பேன்" என்று கும்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கேவலமானவள் நான் என்று அப்போதே தெரிந்தது. கிளம்பும்போது ஒரு பை நிறைய அவரைக்காய் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரவு அதை உரித்து அவரைக்கொட்டைக் குழம்பு. என் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்ல காயா இருக்கே, எங்க வாங்கின?"

"மார்க்கெட்ல" என்றேன்.