பார்க்காமல் ஒட்டிய டேப்

என் மேசை இழுப்பறையில் பாதி தீர்ந்த சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று கிடக்கிறது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் நான் முன்பு வேலை பார்த்த சிறிய கம்பெனியில், சோதனைப் பிரிவில் இருந்த அக்காவுடையது அது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவார். தொழிற்சங்க, கூட்டுறவுச் சங்கத் தேர்தல்களுக்கு வாக்கு இயந்திரம் செய்து கொடுப்பது எங்கள் தொழில்.

மென்பொருளை ஏற்ற எங்களுக்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. ஒரு தேர்தலுக்கான நாற்பது இயந்திரங்களையும் நெட்வொர்க் கேபிளில் இணைத்து ஆன் செய்தால், எல்லாம் ஒரே சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டு கிளம்பிவிடும். அனுப்புவதற்கு முன் இந்த ‘நெட்வொர்க் பூட்’ வசதியை அணைத்தாக வேண்டும். மறந்தால், கேபிளின் மறுமுனையில் எவன் இருந்தாலும் அவன் கொடுப்பதை விழுங்கி, அவன் சொன்னபடி ஓட்டு எண்ணும். அக்கா ஒவ்வொன்றாக ஆன் செய்து, அணைந்திருப்பதைத் திரையில் கண்ணால் பார்த்த பிறகுதான் கேபிள் துளையின்மேல் சிவப்பு டேப் ஒட்டுவார். டேப் இருந்தால் அக்கா பார்த்துவிட்டார் என்று பொருள். அதற்குமேல் கையெழுத்தெல்லாம் யாரும் கேட்டதில்லை.

அன்று ஏற்றிப்போகும் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அக்காவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “ஆறு மிஷின்தாம்பா பாக்கி. பாத்துட்டு ஒட்டிடு” என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நான் ஒட்டினேன். பார்க்கவில்லை. என்ன ஆகிவிடப் போகிறது என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

தேர்தல் நடந்த தொழிற்சாலையில், முடிவை பிரிண்ட் எடுக்க வசதியாக இருக்கும் என்று யாரோ அந்த ஆறில் ஒன்றின் டேப்பைப் பிய்த்து, ஆபீஸ் நெட்வொர்க் கேபிளைச் செருகிவிட்டார்கள். ஆன் செய்ததும், வேட்பாளர் பெயர்கள் வர வேண்டிய திரையில், அவர்களுடைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டலேஷன் பக்கம் வந்து நின்றது. வரிசையில் இருந்த தொழிலாளர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தேர்தல் ரத்தானது.

மறுநாள் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. “டேப் ஒட்டுனது யாரு?” எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் குனிந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, “டேப் என்னுதுதான் சார்” என்றார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது திட்டவில்லை. டேப்பை என் மேசையில் வைத்து, “இது உங்கிட்டயே இருக்கட்டும்பா” என்றார்.

இன்று இதே தொழில் செய்யும் வேறு கம்பெனியில் எனக்குக் கீழே பத்துப் பேர். ஒவ்வொரு இயந்திரத்தையும் நானே ஆன் செய்து பார்த்துத்தான் ஒட்டுகிறேன், புது டேப்பில். அக்காவின் டேப்பிலிருந்து ஒரு துண்டு கிழிக்கக் கை வரவில்லை. “சார் மாதிரி கவனமான ஆளு கெடைக்க மாட்டாங்க” என்று கம்பெனிக்காரர்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார்கள். அப்போதும் நான் வாயைத் திறப்பதில்லை.